வாசகர் கேள்வி–பதில்: ஆர்சி கார் மோட்டாரில் விட்டுப்போகும் சால்டரிங்

கேள்வி: என்னிடம் 540 அளவு பிரஷ் மோட்டார் பொருத்திய 1/10 அளவு ஆர்சி (ரிமோட் கண்ட்ரோல்) கார் இருக்கிறது. வேகமாக ஓடும்போது திடீரென நின்றுவிடுகிறது. மோட்டாருக்குப் போகும் ஒயரை விரலால் அசைத்தால் மீண்டும் ஓடுகிறது. வீட்டிலுள்ள 25 வாட் சால்டரிங் அயர்னால் பழைய ஈயத்தின் மேலேயே மறுபடி பற்றவைத்தேன். கொஞ்ச நாளில் அதுவும் விட்டுவிட்டது. மல்டிமீட்டரில் பீப் ஒலி மட்டும் ஒழுங்காக வருகிறது. மோட்டாரையே மாற்றிவிடலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அனைத்தும் இணைப்பையே காட்டுகின்றன. மோட்டாருக்குள் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. பீப் ஒலியை நம்பியதுதான் உங்களைக் குழப்பியிருக்கிறது. ஒயரின் நூற்றுக்கணக்கான இழைகளில் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டர் பீப் அடிக்கும், ஏனெனில் அது செலுத்தும் மின்னோட்டம் மிகச் சிறியது. கார் முழு வேகம் எடுக்கும் கணத்தில் நிலைமையே வேறு. இணைப்பில் வெறும் 5 மில்லி ஓம் தடை கூடியிருந்தாலும், 40 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரு புள்ளியில் 8 வாட் வெப்பம் உண்டாகும். அந்த வெப்பம் ஏற்கெனவே விரிசல் கண்ட ஈயத்தை மேலும் பலவீனமாக்கும். சிறிது நேரம் ஓட்டி நிறுத்திய பிறகு மோட்டாரில் ஒயர் இணையும் இரு முனைகளையும் (டெர்மினல்களையும்) ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தாலோ, அதன் அருகே ஒயரின் உறை நிறம் மாறியிருந்தாலோ பழுது அங்கேதான்.

பழைய ஈயத்தின் மேல் புது ஈயத்தை ஏற்றுவது பழுதை மூடி மறைக்குமே தவிர நீக்காது. 25 வாட் அயர்ன் சிறிய சர்க்யூட் போர்டுக்குப் போதும். ஆனால் தடித்த ஒயரும் டெர்மினலும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் அதன் நுனியான பிட் தொட்டவுடனே குளிர்ந்துவிடுகிறது. ஈயம் உலோகத்தோடு கலந்து படியாமல், உருண்டையாக, மங்கிய மேற்பரப்போடு ஒட்டி நிற்கும். அதைச் சரிசெய்ய அயர்னை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் டெர்மினலைத் தாங்கும் பிளாஸ்டிக் இளகி, சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டான பிரஷ் தன் இடத்திலிருந்து நகரும் அபாயம் உண்டு. ஆகவே 60 முதல் 80 வாட் வரையுள்ள அயர்னையும், அகலமான தட்டை பிட்டையும் பயன்படுத்துங்கள். வெப்பநிலையை அமைக்க முடிந்தால் 380 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கலாம். அதிக வெப்பம், குறைந்த நேரம் என்பதே இந்த வேலைக்குப் பொருந்தும் முறை.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். மோட்டாரையும் காரிலிருந்து எடுத்து, அசையாதபடி வைஸில் மென்மையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய ஈயத்தில் சிறிது ரோசின் ஃப்ளக்ஸும் (ஈயம் படிய உதவும் பசை) புது ஈயமும் சேர்த்து உருக்கினால் இளகுவது எளிது. உருகியதை உறிஞ்சியாலோ செப்புப் பின்னலாலோ எடுத்துவிடலாம். குழாய் வேலைக்குரிய அமில ஃப்ளக்ஸை இங்கே தொடவே கூடாது, அதன் மிச்சம் செம்பை அரித்துவிடும். 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரிக்குள் முழுதும் உருகிவிடும். காரீயமற்ற வகைக்கு 217 டிகிரிக்கும் மேல் தேவைப்படுவதால், பழகாத கைக்கு முன்னதே ஏற்றது. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

ஒயரின் நுனியை அப்படியே மீண்டும் பயன்படுத்தாதீர்கள். முன்பு நெடுநேரம் சூடாக்கியதில் ஈயம் இழைகளின் ஊடே உறைக்குள் ஏறி, அந்தப் பகுதி விறைத்துப் போயிருக்கும். விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் எல்லையில்தான் அதிர்வினால் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. விறைத்த பகுதி முழுவதையும் வெட்டி நீக்கி, புதிதாக 5 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் உறையை உரியுங்கள். டெர்மினலை மெல்லிய உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, அதற்கும் ஒயர் நுனிக்கும் தனித்தனியே மெல்லிய ஈயப் பூச்சு கொடுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துவைத்து, உருகிய ஈயம் சிறிது பூசிய பிட்டை அவற்றின் மேல் வைத்தால் இரண்டு மூன்று வினாடிகளில் ஈயம் ஒன்றாகிப் பரவும். சால்டரிங் பிட்டின் மேற்பூச்சு இரும்பு என்பதால் மோட்டாரின் காந்தம் அதைப் பக்கவாட்டில் இழுக்கும். மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். அயர்னை எடுத்த பிறகு ஈயம் இறுகும்வரை ஒயர் சிறிதும் அசையக் கூடாது. ஆறியதும் நன்றாக இழுத்துப் பாருங்கள், இந்தச் சோதனையில் விட்டுப்போகும் இணைப்பு மைதானத்திலும் விட்டுப்போகும். கடைசியில், ஒயரைச் சற்றுத் தளர்வாக வளைத்து, மோட்டாரிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, சேசிஸில் கேபிள் டை போட்டுக் கட்டிவிடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. அதிர்வின் பாரம் முழுவதையும் சால்டரிங்கே தாங்குவதற்கு அதுவே காரணம்.

கேள்வி: மோட்டாரின் பின்புறம் இருந்த சிறிய கெப்பாசிட்டர் ஒன்றின் கால் உடைந்துவிட்டது. மோட்டார் ஓடுகிறது. அப்படியே விடலாமா?
— வாசகி, மதுரை

பதில்: ஓடும், ஆனால் விடாதீர்கள். பிரஷ் உராயும் இடத்தில் எழும் தீப்பொறி ரேடியோ இரைச்சலை உண்டாக்குகிறது. அதை அடக்கவே இரு டெர்மினல்களுக்கு இடையில் ஒன்றும், ஒவ்வொரு டெர்மினலிலிருந்தும் மோட்டாரின் உலோக உடலுக்கு ஒவ்வொன்றுமாக 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களை வைக்கிறார்கள். அவை இல்லாவிட்டால் ஸ்டியரிங் தானே துடிக்கலாம், பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளில் இது அதிகம். 104 என்று அச்சிட்ட செராமிக் வகையை வாங்குங்கள். அதற்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் பேதம் கிடையாது. உடலில் பற்றவைக்கும் இடத்தை அரத்தால் தேய்த்துப் பூச்சை நீக்காமல் ஈயம் பிடிக்காது.

கேள்வி: பிரஷ்லெஸ் மோட்டாருக்கும் இதே முறைதானா?
— வாசகர், திருச்சி

பதில்: சால்டரிங் முறை அதேதான், ஆனால் கெப்பாசிட்டர்களை அதில் பொருத்தக் கூடாது. மூன்று ஒயர்களில் ஒன்று விட்டுப்போனால் மோட்டார் நின்ற இடத்திலேயே உதறும். அந்த நிலையில் த்ராட்டில் கொடுத்துக்கொண்டே இருந்தால் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியான ஈஎஸ்சி பழுதாகலாம். உள்ளிருந்து வரும் சுருள் கம்பி அறுந்திருந்தால், அதன் எனாமல் பூச்சைக் கத்தியால் சுற்றிலும் சுரண்டிய பிறகே ஈயம் படியும். சென்சார் உள்ள மோட்டாராக இருந்தால் ஏ, பி, சி ஒயர்களை அதே வரிசையில் பற்றவைக்க வேண்டும். சென்சார் இல்லாததில் வரிசை மாறினால் சுழலும் திசை மட்டும் மாறும், ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.