பதினேழாவது வளவு

கேள்வி: எனக்கு வயது 26. மட்டக்களப்பு வாவியோரக் காணிகளையும் கண்டல் காடுகளையும் பாதுகாக்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் மூன்று வருடங்களாகக் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். சில மாதங்களாக உடன் வேலை செய்பவர்கள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. நாற்றுமேடையில் வேலை செய்யும் அக்கா முன்பு எனக்கும் சேர்த்துச் சோறு கட்டி வருவார், இப்போது கொண்டுவருவதில்லை. வாவியை மண் போட்டு நிரப்பிய வளவுகளின் பட்டியலில் அவருடைய தமக்கையின் பெயரையும் நான் எழுத வேண்டியிருந்தது. அவர் கணவரை இழந்தவர். மலசலகூடம் கட்ட ஒரு மூலையை நிரப்பியிருந்தார். பட்டியலில் 16 வளவுகள் உள்ளன (எங்கள் வளவை எழுதவில்லை, அக்காமார் இருவருக்கும் கொடுத்தபின் எனக்குச் சீதனமாக மிஞ்சிய காணி அது, அப்பா இன்னும் நிரப்பி முடிக்கவில்லை). கடமையைச் செய்தவளை இப்படி ஒதுக்கலாமா? வேலையை விட்டுவிடட்டுமா?
- ஒரு வாசகி, மட்டக்களப்பு

பதில்:

மகள், உடன் வேலை செய்பவர்கள் ஒதுக்குகிறார்கள் என்று ஆசிரியைகளும் தாதியரும் வங்கியில் இருப்பவர்களும் எனக்கு எழுதியிருக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் அந்தக் கடிதத்திலேயே ஏதாவது ஓர் ஓரத்தில் கிடக்கும். நீங்கள் அதை அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறீர்கள்.

"இன்னும் நிரப்பி முடிக்கவில்லை" என்பது என்ன நியாயம்? அந்த விதவைப் பெண்ணும் மலசலகூடத்தைக் கட்டி முடித்துவிட்டாரா என்று கேட்டுவிட்டா எழுதினீர்கள்? ஒரு மூலையை நிரப்பியவரின் பெயர் முழுதாகப் பட்டியலில் ஏற, டிப்பரில் கிரவல் மண் இறங்கும் வளவு அதில் இல்லாமல் போனதற்கு, அது உங்கள் பெயருக்கு வரவிருக்கும் வளவு என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் நீங்கள் எழுதவில்லை. இதைக் கடமை என்று சொல்லாதீர்கள்.

இந்தக் கணக்கெடுப்பைத் தெருவில் நின்று செய்திருக்க முடியாது. வளவுகளின் பின்புறத்தைத் தண்ணீரிலிருந்துதான் பார்க்க வேண்டும். ஆகவே தோணி வலித்தவர் ஒருவர் இருந்திருப்பார். பதினாறு இடங்களில் தோணியை நிறுத்தி எழுதிய நீங்கள், உங்கள் வளவைக் கடக்கும்போது பேனையை மூடிக்கொண்டு அக்கரையைப் பார்த்ததை அவர் கண்டிருப்பார். அதை அவர் ஊரெல்லாம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நாற்றுமேடை அக்காவும் அந்த ஊர்தான். கிரவல் ஏற்றிய டிப்பர் எந்த ஒழுங்கையில் திரும்புகிறது என்று அறியாத ஊர் எது?

உங்களைப் போன்ற நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. எவரையும் தடுக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது; அது பிரதேச செயலகத்திடமும் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் இருக்கிறது. அவர்களிடம் இருப்பது தங்கள் சொல் ஒன்றுதான். மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும் கண்டல் முளைகளைப் பொறுக்கி, பைகளில் சேறு நிரப்பி ஊன்றி, இலை விரியும்வரை காத்திருந்து, பிறகு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடும் அந்த அக்காவைத் தங்கள் வளவுக்குள் மக்கள் விடுவது, அவர் தமக்கென்று எதையும் மறைக்கவில்லை என்ற நம்பிக்கையில்தான். உங்கள் ஒரு வரி அந்த நம்பிக்கையில் கைவைத்திருக்கிறது.

அப்பா மண் கொட்டிய இடத்தில் முன்பு என்ன மரம் நின்றது என்பதையும் நீங்கள் எழுதவில்லை. கண்டலா, கிண்ணையா, தில்லையா? பெயர் சொல்லத் தெரிந்தவர் நீங்கள். அந்த வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சு வளரும் என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த வாவி, முகத்துவாரத்திலும் பெரியகல்லாற்றிலும் ஒடுங்கிய வாய்களால்தான் கடலைத் தொடுகிறது. மாரியில் உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவுகளைத் திறந்தால், முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல் வெட்டப்படும்வரை அந்த நீர் எங்காவது நிற்க வேண்டும். நிற்கும் இடம்தான் இந்தக் கரைகள். 2011 ஜனவரி வெள்ளத்தில் அடுப்படிக்குள் தண்ணீர் ஏறி நின்றதைப் பார்த்தவள் நான். உங்கள் வளவு உயர்ந்தால் அந்தத் தண்ணீர் பக்கத்து வளவுக்குத்தான் போகும்.

சீதனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குப் போகும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். தாயும் தகப்பனும் பக்கத்தில் சிறிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். இதை முழுவதும் கொடுமை என்று தள்ளுபவர்களோடு நான் உடன்படுவதில்லை, ஏனென்றால் கையில் காணி உறுதி உள்ள பெண்ணை வீட்டைவிட்டுப் போ என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது. மூன்றாவது மகளுக்கும் குறைவைக்கக் கூடாது என்று நினைக்கும் உங்கள் அப்பாவை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் தருவது என்ன? பழைய உறுதியை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்து எல்லை "வாவி" என்றுதான் இருக்கும். வாவியின் படுகை அரச காணி. அதற்குமேல் எத்தனை டிப்பர் மண் கொட்டினாலும் நொத்தாரிசு அதை உங்கள் பெயருக்கு எழுத முடியாது. நில அளவையாளர் வந்து அளக்கும் நாளில், காசு செலவழித்துக் கொட்டிய மண் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். இதையெல்லாம் அறிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நீங்கள்தான். அறிந்தும் வாய் திறக்காமல் தகப்பனைச் செலவழிக்க விட்டதை மரியாதை என்று நான் ஏற்கமாட்டேன். அது அவரைக் கைவிட்டதற்குச் சமம்.

வேலையை விடும் கடிதத்தை இப்போது எழுதாதீர்கள். இன்றிரவே அப்பாவிடம் பேசுங்கள், அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். உறுதியையும் வரைபடத்தையும் முன்னால் வைத்து, இருக்கிற காணிக்குள் சிறிய வீடு போதும் என்று நீங்களே சொல்லுங்கள். அதை உங்கள் வாயால் கேட்டாலொழிய அவர் நிறுத்தமாட்டார். அவர் கோபப்பட்டாலும், சம்மதிக்காவிட்டாலும், மறுநாள் காலை அலுவலகத்தில் 17ஆவது வளவை, உரிமையாளர் பெயரோடும் நிரப்பிய அளவோடும், முன்பு விட்டது நீங்கள்தான் என்ற குறிப்போடும் எழுதிக் கொடுங்கள். பிறகு நாற்றுமேடைக்குப் போய் அக்காவிடம் சொல்லுங்கள். சோற்றைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். அவருடைய தமக்கைக்குத் தண்ணீரைவிட்டுத் தள்ளி மலசலகூடம் கட்ட வளவில் வேறு இடம் இருக்கிறதா என்று பார்த்து, பிரதேச செயலகத்துக்கு அவர் எழுத வேண்டிய விண்ணப்பத்தை உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.