குடியை நிறுத்தத் தரும் மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களுக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது?

உங்கள் வீட்டில் யாருக்கோ மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். டைசல்ஃபிராம், நால்ட்ரெக்சோன், பேக்லோஃபென் மூன்றையும் வெவ்வேறு காலத்தில் சாப்பிட்டவன் நான். மருத்துவன் அல்ல, என் உடம்பில் நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

டைசல்ஃபிராம் முழுக்கப் பயம். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஆல்கஹால் முழுதாகச் செரிக்காமல் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக உடம்பில் தேங்கிவிடும். நான் குடிக்கவில்லை. வயிறு மந்தமாக இருக்கிறது என்று அத்தை ஊற்றிக் கொடுத்த தசமூலாரிஷ்டமே போதுமானதாக இருந்தது. அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது. அதில் ஆல்கஹால் உண்டு. முகம், காது மடல் எல்லாம் கொதித்தன, நெஞ்சு படபடத்தது, வாந்தி நிற்கவில்லை. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். இத்தனைக்கும் ஆசை மட்டும் குறையவே இல்லை. மருந்தை நிறுத்தினாலும் அதன் வேலை இரண்டு வாரம் வரை நீளும். இன்று விட்டால் என்றைக்குக் குடிக்கலாம் என்று மனம் கணக்குப் போட்டபடியே இருந்தது.

நால்ட்ரெக்சோன் அப்படியல்ல. முதலில் சில நாள் குமட்டல். பிறகு ஒரு கல்யாண வீட்டில் நண்பர்களோடு குடிக்க உட்கார்ந்தேன். கசப்பு இருந்தது, கிறுகிறுப்பும் இருந்தது, அந்தச் சுகம் மட்டும் வரவில்லை. பாதிக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் பந்திக்குப் போனேன். அதுவரை நான் கிளாஸில் மிச்சம் வைத்ததே கிடையாது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஒரு எச்சரிக்கை: இதைச் சாப்பிடும்போது டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் சரியாக வேலை செய்யாது. அறுவை சிகிச்சை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பேக்லோஃபென் எனக்குத் தூக்கத்தைத்தான் தந்தது. ஒலிவியே அமைசென் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் அதைத் தானே சாப்பிட்டுக் குடியிலிருந்து மீண்டதை எழுதினார்; 2018இல் பிரான்ஸ் இதற்கென்றே அனுமதியும் கொடுத்தது. அவருக்குக் கிடைத்த நிம்மதி எனக்குக் கிடைக்கவில்லை. அதற்காக மருந்தைக் குறை சொல்ல மாட்டேன்.

மனவுறுதி இருந்தால் மாத்திரை எதற்கு என்று கீழே எழுத வருபவர்களுக்கு: பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மனவுறுதி வலிப்பை நிறுத்தாது.

என் கோபமெல்லாம் 'குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் செய்பவர்கள்மேல்தான். டைசல்ஃபிராமை அப்படிக் கொடுத்தால், தெரியாமல் குடிக்கும் இதய நோயாளி பிழைப்பாரா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். டானிக், இருமல் மருந்துப் புட்டிகளில் ஆல்கஹால் அளவைப் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிடுகிறார்கள். என் அத்தை அதை எப்படிப் படிப்பார்?