எச்ஐவி உள்ள என் சித்தப்பாவுக்கு டிபி மாத்திரை கொடுத்தும் நெஞ்சில் நீர் திரும்பத் திரும்பச் சேர்கிறது. புற்றுநோயாக இருக்குமா?

இருக்கலாம். நம் பக்கம் பெரும்பாலும் டிபிதான். ஆனாலும் "லிம்போமாவா என்று பார்த்தாச்சா?" என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். லிம்போமா என்பது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். உங்களுக்கும் "ஏடிஏ அதிகம், அதனால் டிபி" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஏடிஏ என்பது அந்த நீரில் அளந்து பார்க்கும் ஒரு நொதி.

என் அக்காவுக்கும் அதையேதான் சொன்னார்கள். பாலக்கோட்டில் இருக்கிறாள். மாமா இறந்த பிறகுதான் அவளுக்கும் எச்ஐவி என்று தெரிந்தது, அப்போதே சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவு) 200-க்குக் கீழே, ரொம்பக் குறைவு. ஏஆர்டி (எச்ஐவிக்கான மருந்து) ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் மூச்சு வாங்கியது, ராத்திரியில் வேர்த்துக் கொட்டியது. எக்ஸ்ரேயில் வலது பக்கம் நீர். எடுத்துப் பார்த்தால் ஏடிஏ அதிகம், லிம்போசைட் என்கிற வெள்ளை அணுவும் அதிகம். டிபி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். லிம்போமாவிலும் இந்த இரண்டும் கூடும் என்று அன்றைக்கு யாரும் எங்களிடம் சொல்லவில்லை. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் டெஸ்ட் நெகட்டிவ்தான். ஆனால் நுரையீரல் உறையில் வரும் டிபியை அது பல நேரம் பிடிக்காது, அதனால் அதை வைத்தும் முடிவு கட்ட முடியாது. மாத்திரை சாப்பிடச் சாப்பிட நீர் சேர்ந்துகொண்டே இருந்தது. அப்புறம் கழுத்தில் நெறி கட்டியது. அதில் துணுக்கு எடுத்துப் பயாப்சி செய்த பிறகுதான் நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா என்று தெரிந்தது. பெங்களூரு கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் கீமோ கொடுத்தார்கள், ஏஆர்டியும் கூடவே போனது. இப்போது மாடிப்படி ஏறுகிறாள்.

டிபி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் டாக்டர் இல்லை, நிறுத்துவதும் தொடர்வதும் அவர்கள் முடிவு. ரிஃபாம்பிசின் என்கிற டிபி மருந்து சாப்பிடும் காலத்தில், ஏஆர்டியில் உள்ள டொலுடெக்ராவிரை இரண்டு வேளையாகக் கொடுப்பார்கள், அதை மட்டும் ஏஆர்டி மையத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காததுதான். ஒரு ஸ்கேன் சென்டரில் அக்காவின் ஃபைல் அட்டை மேலேயே சிவப்பு மையில் எச்ஐவி என்று எழுதி, எல்லார் முன்னாலும் நீட்டினார்கள். சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. ஊருக்குத் தெரிந்ததும் மாமா வீட்டார் மாந்தோப்பில் அவளுக்குப் பங்கே இல்லை என்றுவிட்டார்கள். "செத்துப் போகிறவளுக்கு எதற்கு தோப்பு" என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது.

அடுத்த முறை நீர் எடுக்கும்போது சைட்டாலஜிக்கும் செல் பிளாக்குக்கும் அனுப்பச் சொல்லுங்கள். நீரில் புற்றுநோய் அணுக்கள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் அவை. கழுத்து, அக்குளில் கட்டி இருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். இருந்தால் பயாப்சியைத் தள்ளிப் போடவே விடாதீர்கள்.