தொழிற்சாலைகளில் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் களப்பணிக்குச் செல்பவர் முன்கூட்டி என்ன பயிற்சி பெற வேண்டும்?

வேதியியலில் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டுத் தனியார் ஆய்வகம் ஒன்றில் களப்பணியாளராகச் சேரவிருப்பதாகவும், காற்று மற்றும் கழிவுநீர் மாதிரிகளை எடுக்கத் தொழிற்சாலைகளுக்குச் செல்ல வேண்டியிருப்பதால் எந்தச் சான்றிதழ்ப் படிப்பைப் படிக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மணலி, ராணிப்பேட்டை, திருப்பூர் வட்டாரங்களில் இதே வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். சான்றிதழைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கருவியை இயக்கக் கற்பது இந்தப் பயிற்சியின் எளிய பகுதி. நாம் எடுக்கும் மாதிரி அந்த ஆலை அன்றாடம் வெளியேற்றுவதைத்தான் காட்டுகிறதா என்று கண்டுபிடிக்கக் கற்பதுதான் கடினம். பெரும்பாலான பயிற்சி வகுப்புகளில் அதற்கு அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை.

அதற்கும் முன்னால் உயிர்ப் பாதுகாப்பு. வேலைக்கான பெர்மிட், உயரத்தில் அணியும் சேஃப்டி பெல்ட், தலைக்கவசம் ஆகியவற்றை எல்லா ஆலைகளிலும் சொல்லித் தருவார்கள். ஆனால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் காத்திருக்கும் ஆபத்தை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. தோல் பதனிடும் ஆலைகளில் சுண்ணாம்புத் தொட்டிக் கழிவில் சோடியம் சல்பைடு இருக்கும்; அது குரோம் பதனிடும் பகுதியிலிருந்து வரும் அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம்தானே, வந்தால் விலகிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அறிய வேண்டியது என்னவென்றால், ஏறத்தாழ 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை எட்டும்போது அந்த வாயு நம் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுகிறது; நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதி கொள்ளும் தருணம்தான் மிக மோசமான தருணம். ஆகவே, ஆக்சிஜன், எரியக்கூடிய வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய நான்கையும் அளக்கும் கையடக்கக் கருவி சட்டையில் மாட்டியிருக்க வேண்டும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்மைத் தொட்டாலோ மாதிரியை மறந்துவிட்டு வெளியேற வேண்டும். இதே காரணத்தால், சல்பைடு உள்ள மாதிரியில் பதப்படுத்தும் கந்தக அமிலத்தைச் சேர்க்கும் வேலையைக் கதவடைத்த வேனுக்குள் ஒருபோதும் செய்யாதீர்கள்.

நிற்கும் இடத்தைப் பற்றியும் யோசிக்கப் பழக வேண்டும். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். எந்தத் தொட்டியருகே போனாலும் அது உடைந்தால் எந்தப் பக்கம் பாயும், நான் எந்தப் பக்கம் ஓடுவேன் என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது மிகையான அச்சமாகாது.

இனி புகைபோக்கி. கொதிகலன் புகைபோக்கிகள் பெரும்பாலும் 30 மீட்டரோ அதற்கு மேலோ இருக்கும்; நடுவிலுள்ள மேடைக்குக் கருவிகளைக் கயிறு கட்டி ஏற்ற வேண்டும். அங்கே கற்றுக்கொள்ள வேண்டிய முதன்மையான திறன் ஐசோகைனடிக் முறை, அதாவது புகைபோக்கிக்குள் வாயு எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் நாசில் எனப்படும் கருவியின் உறிஞ்சு முனை வழியாக உறிஞ்சுவது. குறைந்த வேகத்தில் உறிஞ்சினால் வாயு நாசிலைச் சுற்றி விலகிப் போகும், பெரிய துகள்களோ திரும்ப முடியாமல் நேராக உள்ளே வந்து விழும். ஆகவே துகள் அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதிக வேகத்தில் உறிஞ்சினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். இந்த ஒன்றைக் காரணத்தோடு புரிந்துகொண்டவருக்கு வாயுவின் வேகத்தை அளக்கும் பிட்டாட் குழாய் அளவீடும் வெப்பநிலைத் திருத்தமும் தாமாகவே விளங்கும். மாதிரி எடுக்கும் துளை இருக்கும் இடத்தையும் பாருங்கள்: வளைவையோ விசிறியையோ தாண்டி, புகைபோக்கியின் விட்டத்தைப் போல் எட்டு மடங்கு தூரத்தில், மேலே அடுத்த தடைக்கு இரண்டு மடங்கு தூரம் விட்டு அது இருக்க வேண்டும். பழைய ஆலைகள் பலவற்றில் அப்படி இருக்காது. அப்போது அளக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், அதை அறிக்கையிலும் எழுத வேண்டும்.

ஆனால், மேடையில் நீங்கள் எவ்வளவு பிழையின்றிச் செய்தாலும், கீழே கொதிகலன் பாதி எரிபொருளில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த அளவீட்டுக்குப் பொருளில்லை. ஆகவே, ஏறுவதற்கு முன் கட்டுப்பாட்டு அறைக்குப் போய் நீராவி அளவு, எரிபொருள் ஊட்டம், புகையை வெளியே இழுக்கும் ஐ.டி. விசிறியின் மின்னோட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அதே பதிவேட்டில் முந்தைய வாரத்தின் பக்கங்களையும் புரட்டுங்கள். புகையில் வெளிக்காற்றைக் கலந்து நீர்க்கச் செய்வதும் உண்டு. சிறிய கொதிகலன்களின் துகள் அளவை 12 சதவீதக் கார்பன் டை ஆக்சைடுக்குச் சரிசெய்து சொல்லும் விதி இருப்பது இதற்காகவே. எனவே, கார்பன் டை ஆக்சைடை அளக்காமல் துகளை மட்டும் அளந்துவிட்டு இறங்குவது அரைகுறை வேலை.

கழிவுநீரிலும் இதே கதைதான், கண்டுபிடிப்பது மட்டும் இன்னும் சுலபம். உயிரியல் முறைச் சுத்திகரிப்பு, கரைந்த உப்புகளைக் குறைக்காது. உள்ளே வரும் நீரில் மொத்தக் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 6000 மில்லிகிராம், வெளியேறும் நீரில் 1500, நடுவில் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. (எதிர் சவ்வூடு பரவல்) போன்ற ஏற்பாடு எதுவும் கிடையாது என்றால், எங்கோ நல்ல தண்ணீர் கலக்கிறது. கரைந்த உப்பைக் காட்டிக்கொடுக்கும் ஒரு கடத்துத்திறன் மீட்டரும் இரண்டு பீக்கர்களும் போதும், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் மூட உத்தரவிட்ட பின்னர் கழிவுநீரை வெளியேற்றாத முறைக்கு மாறிய திருப்பூர் சாயப்பட்டறைகளில், ஆர்.ஓ.வுக்குப் போகும் நீர், சுத்தமான நீர், கழிக்கப்படும் உப்புநீர் மூன்றின் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

குப்பிகளைப் பற்றிய விதிகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், அவற்றில் வாதத்துக்கு இடமில்லை. எண்ணெய், கிரீஸ் மாதிரிக்கான கண்ணாடிக் குப்பியை அந்த நீரால் அலசக் கூடாது. அலசினால் எண்ணெய் சுவரில் ஒட்டி அளவு கூடும். மாதிரி கெடாமல் இருக்கச் சேர்ப்பது உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலம், சி.ஓ.டி. எனப்படும் வேதி ஆக்சிஜன் தேவைக்குக் கந்தக அமிலம். பி.ஓ.டி. எனப்படும் உயிரிவேதி ஆக்சிஜன் தேவைக்கான மாதிரியில் எதையும் சேர்க்காமல் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகம் சேர்க்க வேண்டும். நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கும் சோதனை அது, வழியில் வெயிலில் கிடந்த மாதிரிக்கு அந்த மூன்று நாளும் வீண்.

சுற்றுப்புறக் காற்றில் பொறுமைதான் பயிற்சி. நுண்துகள் பிஎம் 2.5 கருவி நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 24 கன மீட்டர் காற்றை இழுக்கிறது. 2009ஆம் ஆண்டின் தேசியத் தரநிலைப்படி 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அந்த வரம்பைத் தொடும் நாளில்கூட வடிதாளில் சேர்வது சுமார் 1.4 மில்லிகிராம் தூசிதான். அந்தத் தாளை விரலால் தொடுவதும், ஈரத்தை நீக்கும் டெசிக்கேட்டரில் வைக்காமல் நிறுப்பதும் என்ன செய்யும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கருவியின் வாய் தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் இருக்க வேண்டும். மின் இணைப்பு இருக்கிறது என்பதற்காக வாட்ச்மேன் அறையின் பின்புறத்தில் வைத்துவிட்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கந்தக டை ஆக்சைடை உறிஞ்சும் வழக்கமான கரைசலில் பாதரசமும், நைட்ரஜன் டை ஆக்சைடுக்கானதில் ஆர்சனிக்கும் உண்டு. மாசை அளக்கப் போன இடத்தில் அவற்றை மண்ணில் ஊற்றிவிட்டு வருவது வெட்கக்கேடு.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். ஐதராபாத்தில் உள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய பயிற்சிகளை நடத்துகிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017இல் தொடங்கிய பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலும் மாசு கண்காணிப்புப் படிப்புகள் இருந்தன. இப்போது எது நடக்கிறது என்று விசாரித்துச் சேருங்கள். ஆனால் முதல் சில மாதங்கள் ஆய்வக மேசையில் உட்கார்ந்து, பிறர் கொண்டுவரும் மாதிரிகளைச் சோதிக்கக் கேட்டு வாங்குங்கள். மோசமாக எடுத்த மாதிரி எப்படியிருக்கும் என்பதை அங்கே பார்த்தவர் களத்தில் அதைச் செய்ய மாட்டார். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 11255 (புகைபோக்கி), 5182 (சுற்றுப்புறக் காற்று), 3025 (நீர், கழிவுநீர்) வரிசைகளைப் படியுங்கள். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவையும் படியுங்கள்: ஆலை உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திடும் முறை அதில் உள்ளது. அது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகளுக்கான விதி, தனியார் ஆய்வகத்துக்கு அது கட்டாயமில்லை. இருந்தாலும் ஒரு மாதிரி நீதிமன்றம் வரை நிற்க என்னென்ன வேண்டும் என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் பாடம் எனக்குத் தெரியவில்லை.

வேலையில் சேரும் நாளில் மேலாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். வாயு அளக்கும் கருவியை ஆய்வகம் தருமா? ஆலை இயல்பான நிலையில் ஓடவில்லை என்று களக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு மாதிரி எடுக்காமல் திரும்பினால், அன்றைய படி கிடைக்குமா? இரண்டாவது கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆய்வகத்தைப் பாருங்கள். மணலியிலும் கும்மிடிப்பூண்டியிலும் வேலைக்குப் பஞ்சமில்லை.