வெளியூரில் பிள்ளைக்கு அடிபட்டால்: கேள்வி பதில்

குழந்தைகள் அவசரப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறு குடும்பத்தோடு வெளியூர் போன இடத்தில் பிள்ளைக்கு அடிபட்டது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சிஸ்டர், ஏற்காட்டில் இருக்கிறோம். 5 வயது மகன் ஈரப் படியில் வழுக்கி விழுந்ததில் மோவாய்க்கு அடியில் கிழிந்துவிட்டது. தங்கியிருக்கும் இடத்தில் காபித்தூள் வைத்து அழுத்தினார்கள், ரத்தம் நின்றுவிட்டது. திங்கட்கிழமை ஊரில் போய்க் காட்டினால் போதுமா?

பதில்: போதாது, இன்றைக்கே காட்டுங்கள். ரத்தம் நின்றது அழுத்தியதால்தான், காபித்தூளால் அல்ல. அந்தத் தூள் காயத்துக்குள் ஒட்டிக்கொள்ளும். தையல் போடுமுன் அதை முழுக்கக் கழுவி எடுத்தாக வேண்டும், பிள்ளை அதிகம் துடிப்பது அப்போதுதான். மஞ்சள்தூளுக்கும் இதே பதில். குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் காயத்தைக் கழுவுங்கள். சுத்தமான கைக்குட்டையை மடித்து வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைந்தது பெயர்ந்து மறுபடி ஒழுகும்.

காயத்தின் இரண்டு ஓரமும் சேராமல் பிளந்து நின்றால் தையலோ, தோலை ஒட்டும் மருத்துவப் பசையோ வேண்டும். அன்றைக்கே சேர்த்துவிட்டால் தழும்பும் சிறிதாக இருக்கும்.

மோவாயில் அடி என்றால் நான் முதலில் பார்ப்பது காதைத்தான். காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டுக்கு அந்த அடி போய்ச் சேரும். வாயை நன்றாகத் திறக்கச் சொல்லுங்கள், பிறகு பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள். வலித்தாலோ, பற்கள் முன்போல் பொருந்தாவிட்டாலோ டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காயத்தையே பார்த்துக்கொண்டிருப்பதில் இது விட்டுப்போகக் கூடாது.

கேள்வி: தஞ்சாவூர் பெரிய கோயிலில் ஓடி விழுந்து 6 வயது மகளுக்கு முட்டி சிராய்த்துவிட்டது. உடனே டிடி ஊசி போட வேண்டும் என்கிறார் மாமியார்.

பதில்: அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது, ஊருக்கு ஊர் வில்வாதத்தை, அதாவது டெட்டனஸை, பார்த்த தலைமுறை அது. ஆனால் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் டெட்டனஸுக்கும் சேர்த்துப் போடும் முத்தடுப்பு ஊக்க ஊசி இரண்டும் போட்டிருந்தால் இந்தச் சிராய்ப்புக்குத் தனியாக ஊசி வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அட்டையின் படம் ஒன்று உங்கள் போனில் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: மகாபலிபுரம் கடற்கரையில் என் மகளை அவள் மாமா இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிச் சுற்றினார். இரண்டரை வயது. அப்போதிருந்து இடது கையைத் தூக்கவே மாட்டேன் என்கிறாள். வீக்கம் இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார்கள்.

பதில்: உருவ வேண்டாம், தயவுசெய்து. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முழங்கையில் எலும்பு லேசாக நழுவியிருக்கலாம். 1 முதல் 4 வயது வரை இது சகஜம். அந்த வயதில் முழங்கை எலும்பைச் சுற்றிப் பிடித்திருக்கும் நார் இன்னும் இறுகியிருக்காது, கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் எலும்பின் தலை அதிலிருந்து விலகிவிடும். இந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் விதமே தனி: கை உடம்போடு ஒட்டி, லேசாக மடங்கி, உள்ளங்கை உள்பக்கம் திரும்பி இருக்கும். விரல் அசையும். அந்தக் கைப்பக்கம் பிஸ்கட்டை நீட்டினால் அடுத்த கையால் வாங்குவார்கள். பழகிய டாக்டர் முன்கையைத் திருப்பினாலே ‘டக்’ என்று இடத்தில் உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் சிறிது நேரத்தில் பிள்ளை அதே கையால் விளையாட ஆரம்பித்துவிடும். நீங்களாக முயற்சி செய்ய வேண்டாம், எலும்பு முறிவு இல்லை என்று பார்த்த பிறகு செய்ய வேண்டியது அது.

விழுந்து கை வீங்கியிருந்தால் உருவுவது இன்னும் ஆபத்து. குழந்தையின் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி, ஒரு பக்கம் விரிசல் விட்டு மறுபக்கம் வளைந்து நிற்கும். அதை அழுத்தித் தேய்த்தால் விரிசல் பெரிதாகும். எலும்பு வளரும் நுனியில் அடிபட்டிருந்தால் கை வளைந்து வளரவும் கூடும். ஒரு அட்டையை வைத்துத் துப்பட்டாவால் தொட்டில் கட்டி, அசையாமல் கொண்டுபோங்கள். மாமாவை யாரும் திட்ட வேண்டாம், இனிமேல் அக்குளில் கை கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குற்றாலத்தில் பையனிடமிருந்து வாழைப்பழத்தைப் பிடுங்கும்போது குரங்கு கீறிவிட்டது. கோடு மாதிரிதான் இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. குரங்குக்கும் வெறிநோய் வரும். குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு முழுசாக 15 நிமிடம் கழுவுங்கள். இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாட்களில் போடுவார்கள். சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் மீதியை உங்கள் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவை, கேட்டு வாங்குங்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது அரிதிலும் அரிது. அதனால்தான் கோடு போன்ற கீறலுக்கும் இவ்வளவு சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, கொடைக்கானலில் அறைக் கட்டிலில் இருந்து 10 மாதக் குழந்தை உருண்டு விழுந்துவிட்டான். உடனே அழுதான், பால் குடித்தான். தூங்க விடலாமா? மலை இறங்கிவிடலாமா?

பதில்: உடனே அழுததும் பால் குடித்ததும் நல்லது. தலையைச் சுற்றி விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். நெற்றியில் புடைத்திருந்தால் அவ்வளவு கவலை இல்லை. காதுக்கு மேலோ பின்மண்டையிலோ கொழகொழவென்று வீங்கியிருந்தால், அல்லது விழுந்த உயரம் 3 அடிக்கு மேல் என்றால், குழந்தை சிரித்தாலும் இன்றே கொடைக்கானலிலேயே காட்டுங்கள்.

வழக்கமான நேரத்தில் தூங்கினால் தூங்கட்டும். முதல் ராத்திரி இரண்டு மூன்று முறை தொட்டு எழுப்பிப் பாருங்கள், சிணுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்தால் சரி. எழுப்பியும் எழாவிட்டால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல் ஒழுகினால், ஓயாமல் வீறிட்டு அழுதால் 108-ஐ அழையுங்கள்.

இன்று இறங்க வேண்டாம். மலைப்பாதை வளைவுகளில் சும்மாவே குழந்தைகள் வாந்தி எடுக்கும். அது வளைவாலா, தலையில் பட்ட அடியாலா என்று காருக்குள் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு நாள் லீவு கூடப் போனால் போகட்டும்.

கேள்வி: பைக் சைலன்சர் காலில் சுட்டுவிட்டது. பற்பசை தடவலாமா?

பதில்: வேண்டாம், ஐஸும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால் மருத்துவமனை.

கேள்வி: வலிக்குப் பாரசிட்டமால் சிரப் எவ்வளவு கொடுக்கலாம்? 12 கிலோ.

பதில்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது 180 மில்லிகிராம். பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்: 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் ஏழரை மில்லி. 250 உள்ளது என்றால் மூன்றரை மில்லிதான். வெளியூர் மருந்துக்கடையில் வாங்கும்போது இந்த இரண்டும்தான் மாறிப்போகும். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள், ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம்.