லாசாவுக்கு மார்ச்சில் டிக்கெட் போடலாமா?

கேள்வி: மார்ச் தொடக்கத்தில் பத்து நாள் விடுப்பு கிடைக்கிறது. சீனாவின் செங்டுவில் இறங்கி, திபெத்தின் லாசா போய்ப் படம் எடுக்க ஆசை. சீன விசா போதுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: போதாது. டிக்கெட்டை இப்போதே போட்டுவிடாதீர்கள். திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் போக வெளிநாட்டவருக்குத் தனியாக ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். அதை நாமே போய் வாங்க முடியாது. வழிகாட்டி, வண்டி, அன்றாடத் திட்டம் எல்லாம் சேர்த்து டிராவல்ஸ்காரர்தான் விண்ணப்பிக்க வேண்டும். விமானம் என்றால் சீட்டின் அசலையே கேட்பார்கள், ரயிலுக்கு நகல் போதும். அதைவிடப் பெரிய சிக்கல், பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் முடியும்வரை வெளிநாட்டவருக்குச் சீட்டு கொடுப்பதைப் பெரும்பாலான ஆண்டுகளில் நிறுத்திவிடுகிறார்கள்.

அந்தப் பத்து நாளை வீணாக்க வேண்டாம். கான்சு மாகாணத்தின் சியாஹேயும் திபெத்தியர் ஊர்தான். வழக்கமாகச் சீன விசாவே போதும். கட்டுப்பாடு ஏதும் புதிதாக வந்திருக்கிறதா என்று மட்டும் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மாகாணத் தலைநகர் லான்சோவிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம். அங்கே 1709-இல் தொடங்கிய லாப்ராங் மடாலயத்தைச் சுற்றி சுமார் 3 கி.மீ. பாதை, ஜெபச் சக்கரங்களை உருட்டிக்கொண்டே மக்கள் வலம் வருவார்கள். நம்ம பிரதட்சிணம் போல வலப்பக்கமாகத்தான். முகம் வேண்டும் என்பதற்காக எதிரே நடந்து வராதீர்கள். மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் யாராவது அப்படி வந்தால் நாம் எப்படி முறைப்போம்! பாதை திரும்பும் முனையில் ஓரமாக நின்றால் அவர்களே உங்களை நோக்கி வருவார்கள். சீனப் புத்தாண்டின் முதல் மாதம் 13-ஆம் நாள் ஆற்றுக்கு அந்தப்புறக் குன்றில் பெரிய தங்காவை, அதாவது துணியில் செய்த புத்தர் படத்தை விரிப்பார்கள், 14-இல் முகமூடி நடனம், 15 இரவு வெண்ணெய்ச் சிற்பங்கள். உங்கள் விடுப்பு அதோடு பொருந்தினால் அதிர்ஷ்டம்தான்.

சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம் என்பதால் மார்ச் தொடக்கத்தில் சியாஹேயில் விடிய ஏழரை ஆகும். ஐந்து மணிக்கு எழுந்து குளிரில் நிற்க வேண்டாம். ஊர் 2,900 மீட்டர், நம்ம ஆனைமுடியைவிட உயரம். முதல் நாள் ஏறி இறங்காதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால் கீழே இறங்குவதுதான் மருந்து.

கேள்வி: பனியில் எடுத்தால் முகம் கருத்துப்போகிறது, பனியும் சாம்பலாகத் தெரிகிறது. கேமரா கோளாறா?
– வாசகி, மேலூர்

பதில்: கோளாறு இல்லை. கண்ணில் படுவதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்றே கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கணக்குப் போடும். வெள்ளை நிறைந்திருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1-க்கு ஏற்றி, திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் அரக்கு அங்கி போட்ட பிக்கு நின்றால், ஸ்பாட் மீட்டரிங்கில் முகத்தை மட்டும் அளப்பது நல்லது. முகமூடி நடனத்துக்கு ஷட்டர் 1/500 நொடியைவிட மெதுவாகப் போகக்கூடாது.

பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். இரண்டாவதைச் சட்டைப் பைக்குள், உடம்போடு வையுங்கள். அறைக்குள் நுழையும் முன் கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸுக்குள்ளேயே ஈரம் படியும். கவரோடு ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு எடுங்கள்.

பிரார்த்தனைக் கூடத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. மீனாட்சியம்மன் கோயில் வாசலில் செல்போனைக் கொடுத்துவிட்டுப் போய்ப் பழகிய நமக்கு இது புதிதா? காவலர், சோதனைச்சாவடிப் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம். இறந்தவர் உடலைக் கழுகுகளுக்கு இடும் வானடக்கச் சடங்கும் அப்படித்தான், அழைத்தாலும் கேமராவோடு போகாதீர்கள்.

கேள்வி: பவர் பேங்க் கொண்டுபோகலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: கைப்பையில் மட்டும், 100 வாட்-அவர் வரை. 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-அவர்தான் வரும், பிரச்சினையில்லை. ஆனால் 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் '3சி' என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாததைப் பாதுகாப்புச் சோதனையிலேயே தடுத்துவிடுகிறார்கள். இங்கே மதுரை டவுன் ஹால் ரோட்டில் வாங்கியதில் அந்த முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் சீனாவில் இறங்கியதும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.