நிதி திரட்டும் நிகழ்ச்சியும் மறுக்கப்படும் உதவியும்: கேள்வி பதில்

நல்ல காரியங்களுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகளாக ஒருங்கிணைத்து வருகிறேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, அடுத்தவர் தரும் உதவியை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் திண்டாடுவதைப் பற்றியவை. அவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று யார் கேட்டாலும், "பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அப்புறம் நள்ளிரவு வரை தனியாக உட்கார்ந்து செய்கிறேன். இதை எப்படி மாற்றுவது?

பதில்: கேட்ட அந்த நொடியில் எடுத்துக் கொடுக்க உங்கள் கையில் வேலை எதுவும் தயாராக இல்லை. நான் பார்த்தவரை பெரும்பாலானவர்களுக்கு இதுதான் காரணம். எல்லா வேலையும் உங்கள் தலைக்குள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், விளக்கிச் சொல்வதைவிட நாமே செய்துவிடலாம் என்று தோன்றிவிடுகிறது.

இன்றைக்கே ஒரு தாளில் வேலைகளைத் துண்டு துண்டாக எழுதுங்கள். "வரவேற்பு" என்று மட்டும் எழுதினால் போதாது. "வாசலில் பதிவு மேஜை. காலை 8 முதல் 10 வரை. இரண்டு பேர். பெயர்ப் பட்டியல், பேனா, ரசீதுப் புத்தகம் மேஜையிலேயே இருக்கும். 10 மணிக்குப் பட்டியலைப் பொருளாளரிடம் ஒப்படைக்க வேண்டும்" என்று எழுதுங்கள். அதைப் படிப்பவர் உங்களிடம் இன்னொரு கேள்வி கேட்காமல் போய் நிற்க வேண்டும். அடுத்து யாராவது கேட்டால் அந்தத் தாளை நீட்டி, "இதில் உங்களுக்கு எது தோதுப்படும்?" என்று கேளுங்கள்.

கேள்வி: அக்கா, நானாகப் போய்க் கேட்டால் முகத்துக்கு நேராக மறுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு தம்பி. ஆனால் நாம் நினைப்பதைவிட அதிகம் பேர் சரி என்றுதான் சொல்கிறார்கள். ஃபிரான்சிஸ் ஃப்ளின், வனெஸ்ஸா லேக் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத 5 பேரிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பி வாங்கிவர வேண்டும். அதற்குச் சுமார் 20 பேரிடமாவது கேட்க வேண்டியிருக்கும் என்று போனவர்கள் நினைத்தார்கள். கிட்டத்தட்ட 10 பேரிடம் கேட்டதிலேயே வேலை முடிந்துவிட்டது. அறக்கொடை திரட்டியவர்களிடமும் இதே தப்புக் கணக்கைப் பார்த்தார்கள். அறிமுகமே இல்லாதவர்கள் இப்படி என்றால், உங்களைத் தெரிந்தவர்கள் எவ்வளவோ மேல்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் "தன்னார்வலர்கள் தேவை" என்று போட்டேன். எழுபது பேர் இருக்கும் குழுவில் ஒருவர்கூட வரவில்லை. மனம் வெறுத்துவிட்டது.

பதில்: அவர்கள் மேல் வருத்தப்படாதீர்கள். எழுபது பேரில் ஒவ்வொருவரும் மற்ற அறுபத்தொன்பது பேரில் யாராவது போவார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் 1968-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோலக் குரலைக் கேட்கச் செய்தார்கள். தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். தன்னைத் தவிர இன்னும் நால்வர் கேட்பதாக நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். முதலுதவிப் பயிற்சியில் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தாமல், ஒருவரைக் கைகாட்டி "நீங்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லப் பழக்குவது இதனால்தான்.

ஆகவே தனியாகப் போன் செய்து, பெயர் சொல்லி, ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள்.

கேள்வி: உதவிக்கு வருகிறவர்கள் நான் நினைத்தபடி செய்வதில்லை. கடைசியில் நானே பிரித்துத் திரும்பச் செய்கிறேன்.

பதில்: இதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இரண்டு மணி நேரம் நின்று ஒருவர் மேடையை அலங்கரித்திருக்கிறார். அவர் கண்ணெதிரே நீங்கள் அதைக் கழற்றி மாற்றினால், அடுத்த முறை அவர் வரமாட்டார், அதைப் பார்த்த நான்கு பேரும் வரமாட்டார்கள். வேலையைக் கொடுத்தால் அதில் முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். பின்னால் கட்டும் துணி எந்த நிறத்தில் இருந்தாலும் வருகிற நன்கொடை குறையாது.

விட்டுக்கொடுக்கக் கூடாதவையும் சில உண்டு. உண்டியலை எப்போதும் உறவினர் அல்லாத இருவர் சேர்ந்து திறக்க வேண்டும். ஒருவர் எண்ணி முடித்ததும் மற்றவர் திரும்ப எண்ண வேண்டும். தொகையை அங்கேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எவ்வளவு நெருங்கியவர் ஆனாலும் இதில் தளர்வு வேண்டாம், அந்த நடைமுறை அவரையும் சந்தேகப் பேச்சிலிருந்து காப்பாற்றும். குழந்தைகளின் பாதுகாப்பும் அவசர வழியும் அப்படித்தான். மற்றதெல்லாம் அவரவர் விருப்பப்படி நடக்கட்டும்.

கேள்வி: ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டால்?

பதில்: முக்கியமான வேலைக்கு இரண்டு பேரைப் போடுங்கள். ஒரு வாரம் முன்பே ஒருமுறை விசாரியுங்கள். "முடியவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்" என்று நீங்களே சொல்லிவிட்டால் உண்மை சீக்கிரம் வெளியே வரும்.

கேள்வி: என் அம்மாவைப் பறித்த நோய்க்காக நிதி திரட்டுகிறேன். என் துக்கத்துக்கு அடுத்தவர் ஏன் உழைக்க வேண்டும்? வாங்கும் ஒவ்வொரு உதவியும் கடன் பட்டதுபோல உறுத்துகிறது.

பதில்: உங்கள் உறுத்தல் எனக்குப் புரிகிறது அம்மா. ஆனால் நாற்காலி போட வருகிறவர் உங்களுக்காக மட்டும் வருவதில்லை. அவரும் உங்கள் அம்மாவை அறிந்திருக்கலாம், அதே நோயில் தன் வீட்டில் ஒருவரை இழந்திருக்கலாம். துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் இருந்தவருக்கு உங்கள் நிகழ்ச்சி ஓர் இடம் தருகிறது. "வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால் அவர் வெறுங்கையோடு திரும்பிப் போவார். நன்றி என்று மட்டும் சொல்லுங்கள். "உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேன்" என்று அதோடு சேர்க்காதீர்கள், அது அவரையும் சங்கடப்படுத்தும்.

கேள்வி: நிகழ்ச்சி முடிந்தபின் உதவியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

பதில்: இரண்டு நாளுக்குள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவர் செய்த வேலையைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "மைக் நின்றுபோனபோது நீங்கள் ஓடிப்போய் மாற்றியதால்தான் நிகழ்ச்சி தடைப்படாமல் நடந்தது" என்பதுபோல. மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதையும் தெரிவியுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு எந்த வேலை பிடிக்கும் என்று அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.